மூன்றாவது தூண் கேட்ட தலை

அன்புள்ள அக்காவுக்கு,

நேற்றுக் காலை உங்கள் குரலைக் கேட்டேன். பயந்துவிடாதீர்கள், எனக்குப் புத்தி நன்றாகத்தான் இருக்கிறது. பீரோவின் அடித்தட்டில் ஒரு பிஸ்கட் டப்பா. அதற்குள் அந்தக் காலத்துக் கேசட்டுகள், பாச்சை உருண்டை வாசனையோடு. கடைத்தெருவில் ரேடியோ ரிப்பேர் பார்ப்பவரிடம் கெஞ்சி ஒரு பழைய டேப் ரெக்கார்டரை வாங்கி வந்து ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தேன். நாலாவது கேசட்டில் முதலில் கரகரவென்று இரைச்சல், அப்புறம் என் இருமல், அதன் பிறகு நீங்கள்: "ஏ நூரு, செவப்புப் பொத்தானை அமுக்குனியா இல்லியா? ரெண்டு பேரும் சும்மா தொண்டை வத்தப் பேசிட்டு ஒக்காந்திருக்கப் போறோம்!" கூடவே அந்தச் சிரிப்பு.

நீங்கள் போய் நாலு வருடம் ஆகிறது. அழுதேன் என்று எழுத வெட்கமாக இருக்கிறது. அழுதேன். நீங்கள் தம்பி என்று கூப்பிடும் என் வீட்டுக்காரர் பக்கத்து அறையிலிருந்து "யாரு வந்திருக்கா?" என்று கேட்டார். இப்போது அவருக்குக் காது மந்தம். உங்கள் சிரிப்பு மட்டும் அவருக்கும் கேட்டிருக்கிறது பாருங்கள்.

அந்தக் கேசட்டை ஏன் தேடினேன் என்பதைக் கடைசியில் சொல்கிறேன். முதலில் பழைய பாவத்தைப் பேசிவிடுவோம். நீங்கள் இருந்தவரை அதைப் பற்றி என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அதனாலேயே எனக்கும் சொல்ல வரவில்லை.

பாபநாசம் பக்கத்து நம் தெருவில் அப்போது வீட்டுக்கு ஒரு ஆம்பிளை கடல் தாண்டி இருந்தார். போன் என்றால் பாபநாசம் பூத்துக்குப் போய், நாலு பேர் பின்னால் நிற்க, கத்திப் பேசிவிட்டு வர வேண்டும். கடிதம் எழுத உங்கள் தம்பிக்குச் சோம்பல். அதனால் கேசட். அபுதாபியில் இருந்து யார் ஊருக்கு வந்தாலும் சோப்பு, செண்டு பாட்டிலோடு ஒரு கேசட்டும் வரும். ஏ பக்கம் ஊருக்கு, பி பக்கம் எனக்கு. இதுதான் எங்கள் ஏற்பாடு. ஏ பக்கத்தைக் கூடத்தில் போடுவேன். தெருப் பெண்கள் எல்லாம் வந்து உட்கார்ந்து, அங்கே என்ன சமைக்கிறார்கள், வெயில் எப்படி என்று கேட்டுவிட்டுப் போவார்கள். நீங்கள் மட்டும் கடைசியில் எழுந்து, "நூரு, பி பக்கம் எப்பப் போடுவ? சொல்லிவிடு, காபியோட வர்றேன்" என்பீர்கள். என் முகம் எங்கே போகும்!

திருக்காட்டுப்பள்ளியில் இருந்து வாக்கப்பட்டு வந்தவர் நீங்கள். உங்கள் வீட்டுக்காரர் காலமான பிறகு, குடமுருட்டியில் பாலம் கட்ட ஆள்கள் வந்து இறங்கியதும், கரையில் கீற்றுக் கொட்டகை போட்டு இட்லிக் கடை வைத்தீர்கள். "அவனுங்களுக்குப் பாலம், எனக்கு இட்லி. ரெண்டும் வெந்தாத்தான் நிக்கும்" என்று நீங்கள் சொல்ல, மேஸ்திரி வாயில் இட்லியோடு சிரித்துப் புரையேறியது எனக்கு நினைவிருக்கிறது. நம் இரண்டு வீட்டுக் கொல்லைக்கும் நடுவில் ஒரே சுவர். அதில் இரண்டு செங்கல் பெயர்ந்த சந்து வழியாக உங்கள் சட்னி இந்தப் பக்கம் வரும், என் நோன்புக் கஞ்சி அந்தப் பக்கம் போகும்.

அந்தக் கோடையில் மூன்றாவது தூணுக்குத் தோண்டிய குழி இரண்டு தடவை சரிந்தது. ஒரு தடவை சரிந்தால் மணல் என்பார்கள். இரண்டாவது தடவை சரிந்ததும் ஊர் வேறு மாதிரிப் பேசத் தொடங்கியது. ஆறு காவு கேட்கிறதாம். பச்சைப் பிள்ளை ஒன்றின் தலையைப் போட்டால்தான் தூண் நிற்குமாம். பாலம் கட்ட வந்த வடக்கத்தி ஆள்கள் அதற்காகவே சாக்கோடு திரிகிறார்களாம். நான் அதை நம்பவில்லை என்று இப்போது எழுதினால் அது பொய். பாதி நம்பினேன்.

அந்த நேரம் பார்த்தா உங்கள் தம்பியின் கேசட் வர வேண்டும்! அவர் தங்கியிருந்த கேம்ப்பில் சமையல்காரர் ஒருவர், போர்னியோ என்ற பெரிய தீவுக்காரர். அவர் சொன்ன கதை என்று ஏ பக்கத்தில் ருசித்து ருசித்துச் சொன்னார். அங்கேயும் பாலம் கட்டும்போது தூணுக்கு மனிதத் தலை வேண்டும் என்று பேச்சு வருமாம். அந்த நாள்களில் யாரும் பிள்ளைகளை வெளியே விட மாட்டார்களாம். "நம்ம ஊர்க் கதை மாதிரியே இருக்குல்ல?" என்று சொல்லிச் சிரித்தார் மனுஷன். அவருக்கு அது வேடிக்கை.

நான் அதைக் கூடத்தில் போட்டேன். யாரும் சிரிக்கவில்லை. மளிகைக் கடை காதர் மாமுவின் வீட்டம்மா, "திருப்பிப் போடு நூரு" என்றார். திருப்பிப் போட்டேன். மறுநாளும் வந்து கேட்டார்கள். மூன்றாம் நாள் காதர் மாமுவே வாசலில் நின்று கேட்டுவிட்டு, "கடல் தாண்டி இருக்கிறவனும் இதையே சொல்றான்னா, பொய்யா இருக்குமா?" என்றார். அதுவரை வதந்தியாகக் கிடந்தது அன்றைக்குச் சாட்சியோடு எழுந்து நின்றுவிட்டது. எனக்கு உள்ளுக்குள் ஒரு பெருமை வேறு. தெருவே என் கேசட்டைப் பேசுகிறது அல்லவா! நீங்கள் அந்த மூன்று நாளும் கடை வேலையில் இருந்தீர்கள். கேட்டிருந்தால் என் மண்டையில் குட்டியிருப்பீர்கள்.

ஜெகாவை எனக்கு முகம் தெரியும், அவ்வளவுதான். ஒரிசாக்காரர், கம்பி கட்டுபவர், உங்கள் கடையில் எப்போதும் எட்டு இட்லி. அவர் பாபநாசத்தில் தன் மகளுக்கு ஒரு மஞ்சள் கவுன் வாங்கியிருக்கிறார். அளவு சரியா என்று தெரியவில்லை. உங்களிடம் கையால் உயரம் காட்டியிருக்கிறார். நீங்கள், "நூரு மக சல்மாவும் அதே உசரம்தான். ஞாயித்துக்கெழம வா, வச்சுப் பாத்துக்கலாம்" என்று சொல்லியிருக்கிறீர்கள். என்னிடம் சொல்ல மறந்துவிட்டீர்கள். உங்கள் பங்குக்கு நீங்கள் செய்த தப்பு அது ஒன்றுதான்.

அந்த ஞாயிற்றுக்கிழமை அவர் வந்தபோது நீங்கள் மாதா கோயில் பூசைக்குப் போயிருந்தீர்கள். சல்மா தெருவில் தனியாகப் பாண்டி விளையாடிக்கொண்டிருந்தாள். ஆறு வயது. ஜெகா அவள் பின்னால் குந்தி உட்கார்ந்து, கவுனைப் பிரித்து அவள் தோளில் வைத்துப் பார்த்தார். நான் வாசலுக்கு வந்தபோது கண்ணில் பட்டது அதுதான்: ஒரு வெளியாள், ஒரு துணி, என் பிள்ளையின் கழுத்து. "புள்ளையப் புடிக்கிறான்!" என்று நான் போட்ட கூச்சல் ஆற்றங்கரை வரை கேட்டிருக்கும்.

அதற்கு மேல் என் கையில் எதுவும் இல்லை. எங்கிருந்துதான் அத்தனை பேர் வந்தார்களோ. பூவரச மரத்தோடு சேர்த்துக் கட்டினார்கள். கட்டியது என் வீட்டுக் கிணற்றுக் கயிறு. யாரோ ஓடி வந்து கேட்டார்கள், நானேதான் ராட்டினத்திலிருந்து உருவிக் கொடுத்தேன். அதை நான் யாரிடமும் சொன்னதில்லை அக்கா. அடித்தார்கள். அவர் நெற்றியில் ரத்தம் வந்தபோது சல்மா என் முந்தானைக்குள் முகத்தை வைத்துக்கொண்டு, "அந்த மாமா சும்மா அளவுதாம்மா பாத்தாங்க" என்றாள். எனக்குக் காதில் விழுந்தது. ஆனாலும் வாயைத் திறக்கவில்லை. அத்தனை பேரைக் கூப்பிட்டுவிட்டு, தப்பு என்று எப்படிச் சொல்வது? பயத்தைவிட வெட்கம் பெரிதாக இருந்தது.

பத்து மணி பஸ்ஸில் நீங்கள் வந்து இறங்கினீர்கள். வெள்ளைச் சேலை, கையில் ஜெபமாலை, வாயில் கேட்கக் கூசும் வசவு. கோயிலுக்குப் போய்விட்டு வந்த வாயா அது! கூட்டத்தை முழங்கையால் இடித்துக்கொண்டு உள்ளே போனீர்கள்.

"கைய எறக்குங்கடா! இந்தக் கவுனு யாருக்குன்னு ஒருத்தராவது கேட்டீங்களா?"

"உங்களுக்குத் தெரியாதும்மா, ஒதுங்குங்க. இவனுங்க பாலத்துக்குப் புள்ளை பிடிக்கிறானுங்க" என்றார் காதர் மாமு. "எல்லா ஊர்லயும் இப்படித்தானாம். நூரு வீட்டு கேசட்லயே வந்திருக்கு."

நீங்கள் திரும்பி என்னை ஒரு பார்வை பார்த்தீர்கள். அதை விடுங்கள்.

அப்போதுதான் ஜெகா பேசினார். உங்களைப் பார்த்ததும் அழுகை பொங்கிவிட்டது. வந்து ஆறேழு மாதத்தில் கற்ற தமிழ். "அம்மா, என்னைப் பாலத்துல போடாதீங்க. எனக்குப் பொண்ணு இருக்கு."

யாருக்கும் புரியவில்லை. "யாருப்பா உன்னைப் போடப் போறா?" என்றீர்கள் நீங்கள்.

"எங்க அம்மா சொன்னா. தெக்குப் பக்கம் போகாதே, அங்க பாலம் கட்டுறான், வெளியாள் தலையத் தூணுக்குப் போடுறான்னு. நான் நம்பல. குழி விழுந்துச்சு. இப்பக் கயிறு கட்டுறீங்க."

கையில் விறகுக் கட்டையோடு நின்றவர் அதைப் பின்னால் மறைத்துக்கொண்டார். நீங்கள் காதர் மாமுவின் முன்னால் போய் நின்றீர்கள். குரலை ஏற்றவில்லை.

"கேட்டீங்களா மாமு? நாம இவனைப் புள்ளை பிடிக்கிறவன்னு சொல்றோம். இவன் ஊர்ல நம்மளத் தலை வெட்டுறவன்னு சொல்றாங்க. நூரு புருசன் கேட்ட கதையும் இதேதான். எல்லா ஊர்லயும் இருக்கிறதாலேயே கதை நெசமாயிடுமா? எல்லா ஊர்லயும் புள்ளை இருக்கு, ஆறு இருக்கு, அதுல எறங்கிப் பாலம் கட்ட முகம் தெரியாத ஆளு வர்றான். வேற என்னத்தைச் சொல்லுவாங்க?"

யாரோ கயிற்றை அவிழ்க்க வந்தார்கள். நீங்கள் தடுத்தீர்கள். "யாரும் வராதீங்க. நூரு, நீ அவுறு. கயிறு உன்னுது."

வாளிக் கயிறு, ஈரத்தில் முடிச்சு இறுகிக் கிடந்தது. என் நகம் பெயர்ந்தது. எவ்வளவு நேரமோ தெரியாது, ஒருவரும் கூட வரவில்லை, நீங்கள் வரவிடவில்லை. அவர் மூச்சு என் நெற்றியில் பட்டுக்கொண்டே இருந்தது. பயந்துபோன மனிதரின் மூச்சு. கட்டு விழுந்ததும், "மாப்பு பண்ணிடுங்கண்ணே" என்றேன். அவர் என்னைப் பார்க்கவே இல்லை. குனிந்து, மண்ணில் மிதிபட்டுக் கிடந்த மஞ்சள் கவுனை எடுத்து உதறினார். ஒரு கை கிழிந்திருந்தது.

அன்று மத்தியானம் அந்தக் கையை என் தையல் மெஷினில் தைத்தேன். நீங்களே துவைத்து, இஸ்திரி போட்டுக் கொண்டுபோய்க் கொடுத்தீர்கள். அவர் ஊருக்குக் கிளம்பிவிட்டார். இனி வர மாட்டார் என்றுதான் நினைத்தோம். ஒரு மாதம் கழித்துக் கொல்லைச் சுவர்ச் சந்தில் உங்கள் வாய் தெரிந்தது. "நூரு! எட்டு இட்லி வந்திருக்கான்!" பதறி ஓடி வந்தேன். கடையில் உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்து எழுந்து, "அளவு சரி" என்றார். எனக்கு அந்த இரண்டு வார்த்தை போதுமாக இருந்தது. மூன்றாவது தூணுக்கு, மணலுக்குக் கீழே களிமண் தட்டும்வரை தோண்டினார்கள். நின்றுவிட்டது. ஒரு தலையும் போகவில்லை. சிமெண்டுதான் மூட்டை மூட்டையாகப் போயிற்று.

நேற்று நான் கேட்டது அந்த வாரம் நாம் பதில் அனுப்பிய கேசட். உங்கள் தம்பி ஊருக்குத் திரும்பியபோது எல்லாவற்றையும் பத்திரமாகக் கொண்டுவந்திருக்கிறார். அதில் நடந்ததை எல்லாம் நீங்களே சொல்கிறீர்கள். கயிற்றைப் பற்றிச் சொல்லும்போது மட்டும் "யாரோ குடுத்த கயிறு" என்கிறீர்கள். அக்கா, உங்களுக்குத் தெரியுமே அது யாருடையது என்று. கடைசியில், "தம்பி, அந்தத் தீவுக்காரர்கிட்ட ஒண்ணு கேட்டுச் சொல்லுங்க. அவங்க ஊர்ல தலை வெட்டுறவன்னு யாரைச் சொன்னாங்க?" என்று முடிக்கிறீர்கள். ஒன்றரை மாதத்தில் பதில் வந்தது. பாலம் கட்ட வெளியிலிருந்து வந்தவர்களைத்தானாம். வந்தவர்களோ, காட்டில் இருப்பவர்கள் தங்கள் தலையை எடுத்துவிடுவார்கள் என்று வெளியே வராமல் கிடந்தார்களாம். "சரியாப் போச்சு" என்று நீங்கள் தொடையில் தட்டிக்கொண்டீர்கள்.

அதற்குப் பிறகு நம் இருவருக்கும் அதுவே வேலையாகிவிட்டது. அந்தக் கேம்ப்பில் எத்தனை நாட்டுக்காரர்கள்! உங்கள் தம்பி ஒவ்வொருவரையும் பிடித்து உட்கார வைத்துக் கேட்டுச் சொல்வார். நிலாவில் நமக்கு வடை சுடும் கிழவி, தாய்லாந்துக்காரருக்கு முயல். "கறை ஒண்ணுதானே நூரு. அவங்க ஊர்ல முயல் அதிகம், நமக்கு வடை மேல ஆசை" என்றீர்கள். வெள்ளக் கதை வந்தபோது நமக்குள் சண்டையே வந்தது. எங்களுக்கு நூஹு நபியின் கப்பல், உங்களுக்கு நோவாவின் பேழை. அது இரண்டும் ஒரு வீட்டுக் கதை, சரி. கும்பகோணத்துக்காரர்கள் பிரளயத்தில் ஒரு குடம் மிதந்து வந்து கரை ஒதுங்கியது என்கிறார்களே, அது எங்கிருந்து வந்தது?

"ஆத்தங்கரையில இருக்கிறவனுக்கு வெள்ளம் தெரியாதா? கதை மண்ணுலேயே மொளைக்கும். யாரும் கொண்டாந்து நடணும்னு இல்ல" என்பது உங்கள் கட்சி.

"அப்ப தண்ணியே இல்லாத பாலைவனத்துல ஏன் சொல்றாங்க? யாரோ கொண்டுபோய்த்தான் இருக்கணும்" என்பது என் கட்சி.

தரங்கம்பாடிக்குப் போன நாள் நினைவிருக்கிறதா? கோட்டைச் சுவரில் உட்கார்ந்து கடலை கொறித்துக்கொண்டிருந்தோம். எந்த நாட்டிலிருந்தோ இங்கே கப்பலில் வந்து இறங்கினார்களாமே என்று நான் சொன்னதும், நீங்கள் கடலைத் தோலைக் காற்றில் ஊதிவிட்டீர்கள். "எறங்குனவன் கதை இல்லாமயா எறங்கியிருப்பான்? சரி, பாதி நீ சொல்றது" என்றீர்கள். வாழ்க்கையில் நீங்கள் எனக்கு விட்டுக்கொடுத்த ஒரே வாக்குவாதம். மீதிப் பாதி உங்களுடையது என்று நான் அப்போதே ஒத்துக்கொண்டிருக்க வேண்டும். அந்தத் தலைக் கதை நம் தெருவில் முன்னமே முளைத்துதான் கிடந்தது. அதற்குக் கடல் தாண்டித் தண்ணீர் கொண்டுவந்து ஊற்றியவள் நான்.

இனி நேற்றுக்கு வருகிறேன். குறுவை நடவுக்கு இப்போதெல்லாம் வங்காளத்திலிருந்து ஆள்கள் வருகிறார்கள் அக்கா. நம் பிள்ளைகள் வெளிநாட்டில் இருக்க, நம் வயலுக்கு அவர்கள். பழைய ரைஸ் மில் கொட்டகையில்தான் தங்கல். முந்தா நாள் சல்மா கனடாவிலிருந்து ஒரு குரல் செய்தி அனுப்பினாள். யாரோ ஒரு ஆள் பதறிப் பேசுகிறான்: பெரிய பாலம் கட்டப் பிள்ளைகளைப் பிடிக்கிறார்கள், நடவு ஆள் மாதிரி வந்திருக்கிறார்கள், எல்லாருக்கும் அனுப்புங்கள். அதன் கீழே என் மகள் எழுதியிருந்தாள்: "அம்மா, கதவைப் பூட்டிக்கோ. தெரு குரூப்புலயும் போட்டுட்டேன்."

அதே கதை, மறுபடியும் கடல் தாண்டி, மறுபடியும் என் வீட்டு வழியாக! உடனே போன் போட்டேன். "ஏண்டி, உன் தோள்ல ஒரு மஞ்சள் கவுன வச்சு அளவு பாத்தாங்களே, ஞாபகம் இருக்கா?" என்றேன். "எந்தக் கவுன்?" என்றாள். நான் அவளுக்கு இதைச் சொல்லி வளர்க்கவில்லை. கயிறு கொடுத்ததை மறைக்க வேண்டும் என்று முழுக் கதையையும் மறைத்துவிட்டேன்.

அதற்காகத்தான் கேசட்டைத் தேடினேன். போனை டேப் ரெக்கார்டர் பக்கத்தில் வைத்து, நீங்கள் பேசியதை முழுதாகப் பதிந்து சல்மாவுக்கும் தெரு குரூப்புக்கும் அனுப்பினேன். கீழே என் குரலில் ஒரு திருத்தமும் சேர்த்தேன்: "அக்கா யாரோன்னு சொல்றாங்க. கயிறு குடுத்தது நான்தான்." முப்பது வருடம் தொண்டையில் நின்றது அப்படியே இறங்கிவிட்டது. சல்மா அழுதுகொண்டே கூப்பிட்டாள், தான் போட்டதை எடுத்துவிட்டதாகச் சொன்னாள். தெருவில் சிலர் திட்டினார்கள், சிலர் உங்கள் சிரிப்பைக் கேட்டு அழுதார்கள். காதர் மாமுவின் மருமகள் மட்டும் நேரில் வந்தாள். "மாமா சாகிற வரைக்கும் அந்தப் பூவரச மரத்து வழியா நடக்கவே மாட்டாங்க மாமி. ஏன்னு இன்னைக்குத்தான் தெரிஞ்சுது" என்றாள்.

இன்று காலை இட்லி அவித்து எடுத்துக்கொண்டு நானும் அவளுமாக ரைஸ் மில் கொட்டகைக்குப் போனோம். உங்கள் இட்லி போல வரவில்லை, கோபிக்காதீர்கள். அவர்களில் மூத்தவர் ஒருவர் மூன்று வருடமாக வருகிறாராம், தமிழ் பேசுகிறார். "உங்க ஊர்ல பாலம் கட்டும்போது என்ன சொல்லுவாங்க?" என்று கேட்டேன். அவர் மற்றவர்களைப் பார்த்தார். சொல்லலாமா என்று யோசிப்பது தெரிந்தது. பிறகு வெட்கத்தோடு, தன் கழுத்தின் குறுக்கே விரலால் ஒரு கோடு போட்டுக் காட்டினார். நான் சிரித்த சிரிப்பில் கொட்டகையே திரும்பிப் பார்த்தது. அது பாதி உங்கள் சிரிப்பு. அவர்களும் சிரித்தார்கள்.

ஊரில் பிள்ளைகள் இருக்கிறார்களா என்று கேட்டேன். ஒரே மகள் என்றார். எவ்வளவு பெரியவள் என்றதற்கு, தரையிலிருந்து கையை உயர்த்தி, இடுப்புக்குச் சற்று மேலே நிறுத்திக் காட்டினார். அந்தக் கை அங்கேயே கொஞ்ச நேரம் நின்றது. நான் இடுப்பில் செருகியிருந்த அளவு நாடாவை எடுத்தேன்.

துணி வெட்டியாகிவிட்டது அக்கா, மஞ்சள்தான். வெள்ளிக்கிழமை பட்டன் வைத்துவிடுவேன். காதர் மாமுவின் பேத்தியும் அதே உயரம். ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்கு, பஸ் வரும் நேரத்தில், அவளை அந்தப் பூவரச மரத்தடியில் நிற்க வைக்கிறேன் என்று அவள் அம்மாவே சொல்லியிருக்கிறாள். தெரு முழுக்கப் பார்க்கட்டும். கொட்டகையிலிருந்து அந்த மூத்தவர் வந்து கவுனை அந்தப் பிள்ளையின் தோளில் வைத்து அளவு பார்ப்பார்.

உங்கள் தங்கை,
நூரு